முகவலிக்கு 10 சதவீதம்தானா? வி.ஏ. மதிப்பீடு பற்றி ஒரு கேள்வியும் தொடர்ச்சியும்

கேள்வி: டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி, 4 பிப்ரவரி 2024

என் வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் எட்டு வருடம் இருந்தவர். வலது கன்னத்தில் ஷாக் அடிப்பது போலச் சுரீர் சுரீரென்று வலி. பல் தேய்க்க முடியவில்லை, மெல்ல முடியவில்லை. கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியும் வலி போகவில்லை. அதற்கப்புறம்தான் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகநரம்பு வலி என்று கண்டுபிடித்தார்கள். சர்வீஸில் வந்ததுதான் என்று வி.ஏ. (முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசுத் துறை) ஒப்புக்கொண்டு, போன நவம்பரில் மாத உதவித்தொகைக்கான உடல் குறை மதிப்பீடாக 10 சதவீதம் போட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. முதுகு வலிக்கே 20, 40 வாங்குகிறவர்கள் இருக்கும்போது இந்த வலிக்கு 10 தானா? மேலே கேட்டால் இருப்பதும் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 பிப்ரவரி 2024

பயப்படாமல் மேலே கேளுங்கள். எனக்கும் இதே வலி, இடது கன்னம். முதலில் 10 வந்தது, இப்போது 30.

குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறன் போன்றவற்றுக்காக ராணுவத்தில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் 2013-இல் சேர்ந்தவன் நான். அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2015-இல் பயிற்சியின்போது வண்டி பள்ளத்தில் இறங்கி, என் முகம் முன்பலகையில் மோதியது. கன்னத்து எலும்பில் விரிசல். எலும்பு கூடிவிட்டது, நரம்பு இன்னும் கூடவில்லை.

முதல் வேலை, அவர் எந்த நோய் எண்ணில் மதிப்பிடப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். கடிதத்தில் இல்லையென்றால் அந்த எண்கள் உள்ள கோட் ஷீட் கேளுங்கள், உங்கள் கவுண்டி வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர் எடுத்துத் தருவார். இந்த வலி வரும் ஐந்தாவது மண்டை நரம்புக்கு மூன்று எண்கள் உண்டு: 8205 என்றால் செயலிழப்பு, 8305 என்றால் நியூரைடிஸ் (நரம்பு அழற்சி), 8405 என்றால் நியூரால்ஜியா (நரம்பு வலி). மூன்றுக்கும் படிக்கட்டு ஒன்றுதான். முழுச் செயலிழப்புக்கு 50, பகுதிச் செயலிழப்பு கடுமையாக இருந்தால் 30, நடுத்தரமாக இருந்தால் 10. இடையில் 20 கிடையாது, 40 கிடையாது. லேசானது என்று எழுதிவிட்டால் ஒன்றுமே கிடையாது. அதனால் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் நடுவே ஒரு சொல் மாறினால் மாத வருமானமே மாறும். 2024 கணக்கில் தனி ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 171 டாலர் 23 சென்ட், 30 என்றால் 524 டாலர் 31 சென்ட் என்று இருந்தது. 30-ஐத் தொட்டால்தான் மனைவி, பிள்ளைகளுக்கான கூடுதல் தொகையும் சேரும்.

5 பிப்ரவரி 2024, இரவு

காலையில் அவசரத்தில் ஆணிவேரை விட்டுவிட்டேன்.

வி.ஏ. மதிப்பிடும் அரசு விதித் தொகுப்பில் 38 சி.எஃப்.ஆர். 4.124 என்று ஒரு பிரிவு. நியூரால்ஜியா என்பது மந்தமான, விட்டு விட்டு வரும் வலி, அதற்கு உச்ச வரம்பு நடுத்தரம்தான் என்கிறது. அதாவது உங்கள் வீட்டுக்காரரின் 10. பலர் அதைப் படித்துவிட்டு, சட்டமே இவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே பிரிவின் கடைசி வாக்கியம், டிக் டூலரூ எனப்படும் முகநரம்பு வலியை அந்த நரம்பின் முழுச் செயலிழப்பு வரை மதிப்பிடலாம் என்கிறது. அதாவது 50 வரை. 8405-க்குக் கீழே உள்ள குறிப்பிலும் இதே விஷயம் இருக்கிறது.

டிக் டூலரூ என்பது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவின் பழைய பிரெஞ்சுப் பெயர். வலியில் முகம் வெட்டி இழுப்பதால் வந்த பெயர். இன்றைய டாக்டர்கள் அதை எழுதுவதில்லை. சட்டப் புத்தகமோ இன்னும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. டாக்டரின் கோப்பில் "முகவலி" என்றோ வெறும் "நியூரால்ஜியா" என்றோ இருந்தால், மதிப்பிடுகிறவர் வரம்புள்ள வாக்கியத்தோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். என் விஷயத்தில் நடந்தது அதுதான்.

டாக்டரிடம் போய் இந்தச் சொல்லை எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சச் சொல்லவில்லை. உண்மையில் அந்த நோய்தானா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நொடிக்கணக்கில் வெட்டும் வலி, தொட்டால் கிளம்பும் இடம், நரம்பின் எந்தக் கிளை என்பதெல்லாம் இருந்தால் அவை கோப்பில் ஏற வேண்டும், பழைய பெயரோடு சேர்த்து. கேட்பது அவ்வளவுதான்.

11 பிப்ரவரி 2024

சி அண்ட் பி பரீட்சையில், அதாவது மதிப்பீட்டுக்காக வி.ஏ. நடத்தும் மருத்துவப் பரிசோதனையில், என்ன கேட்பார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2017 ஜூன் மாதம், காற்றே இல்லாத நாள். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். பஞ்சு நுனியால் நெற்றி, கன்னம், மோவாய் என்று மூன்று இடத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அடுத்து ஊசி முனை. பல்லைக் கடிக்கச் சொல்லி இரண்டு பக்கத் தாடைத் தசையையும் விரலால் அழுத்திப் பார்த்தார். முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தொடர்ந்த வலி, விட்டு விட்டு வரும் வலி, மந்த வலி, ஊசி குத்தும் உணர்வு, மரத்துப்போதல் என்று வரிசையாகக் கேட்டு லேசு, நடுத்தரம், கடுமை என்று குறிக்கும் படிவம் அது. இருபது நிமிடத்தில் முடிந்தது. எழுந்திருக்கும்போது, "இப்போது எப்படி இருக்கிறது?" என்றார். "பரவாயில்லை" என்றேன்.

நம் வளர்ப்பு அது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் டாக்டரிடம் பரவாயில்லை என்றுதான் சொன்னார். பெரியவர்கள் முன்னால் வலியைச் சொன்னால் புலம்புவதாக ஆகிவிடும் என்று நினைத்து வளர்ந்திருக்கிறோம். ராணுவம் அதை இன்னும் இறுக்கிக் கட்டியது. ஆனால் அந்தப் பரீட்சை அறையில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஏட்டில் ஏறுகிறது. எனக்கு வந்த அறிக்கையில் இருந்தது: விட்டு விட்டு வரும் வலி, நடுத்தரம், தற்போது வலி இல்லை என்கிறார்.

வலி உச்சத்தில் இருக்கும் நாள் எப்படி இருக்கும், அது மாதத்தில் எத்தனை நாள், அன்று என்னென்ன செய்ய முடியாது, இதைத்தான் சொல்ல வேண்டும். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

மாத்திரையால் அடங்கியிருக்கிறது என்பதை வைத்துக் குறைக்கலாமா என்றால், விதியில் மருந்து பற்றிப் பேச்சே இல்லாதபோது மருந்து தரும் நிவாரணத்தைக் கணக்கில் எடுத்துக் குறைக்கக் கூடாது என்று 2012-இல் ஜோன்ஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அது குடல் நோய் வழக்கு, ஆனாலும் பொருந்தும். எனவே மாத்திரை இல்லாமல் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். பரீட்சைக்காக மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள். இந்த வலிக்குத் தரும் கார்பமசெபின் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

12 பிப்ரவரி 2024

நேற்றுச் சொல்ல விட்டது. சர்வீஸ் காலத்துச் சான்றாக எனக்கு உதவியது, தினசரி ஷேவிங்கிலிருந்து விலக்கு கேட்டு எழுதிய ஒரு பக்கச் சீட்டு. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை இடது பக்கம் தளர்த்திக் கட்டியிருந்ததாகக் கூட இருந்தவர் ஒருவர் 21-10210 படிவத்தில் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி அறிக்கைகளைவிட இவை பேசின.

2 மார்ச் 2024

இரண்டு திருத்தம்.

இரண்டு கன்னத்திலும் வலி உள்ள ஒருவருக்கு, இரண்டையும் சேர்க்கும்போது மேலே ஒரு பத்தில் ஒரு பங்கு கூடும் என்று தனியாகப் பதில் எழுதியிருந்தேன். தவறு. அந்தக் கூடுதல் கை, கால் போன்றவற்றுக்குத்தான். மண்டை நரம்புகளின் மதிப்பீடு ஒரு பக்கத்துக்கானது, இரு பக்கமும் என்றால் சேர்க்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் இல்லை என்று 4.124ஏ-யிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று, எரிச்சலாக இடைவிடாமல் வலிப்பவர்கள் நியூரைடிஸ் என்று கேட்டால் 30 வரும் என்றும் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. 4.123 பிரிவில் நியூரைடிஸுக்குக் கடுமை வரை போகலாம்தான். ஆனால் தசை மெலிதல், அனிச்சை இழப்பு, உணர்ச்சிக் குறைவு போன்ற உடற்கூறு மாற்றம் தெரிய வேண்டும். அவை இல்லையென்றால் அதுவும் நடுத்தரத்தில் நின்றுவிடும். என் கன்னத்தில் மரத்துப்போன ஓர் இடம் இருக்கிறது, ஒரு ரூபாய் நாணய அளவு. அதைப் பஞ்சால் தொட்டு வரைந்து காட்டியதைக் கோப்பில் சேர்த்தது வீண்போகவில்லை.

3 மார்ச் 2024

டெக்சாஸ் சகோதரிக்கு. உங்கள் கடிதம் நவம்பரில் வந்தது, அப்படியானால் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 19-இலிருந்து மூன்று வழி. புதிய, பொருத்தமான சான்று இருந்தால் 0995 படிவம், சப்ளிமெண்டல் என்ற துணை விண்ணப்பம். கோப்பில் இருப்பதையே மூத்தவர் ஒருவர் மறுபடி பார்க்கட்டும் என்றால் 0996, இதில் புதிய காகிதம் எதையும் பார்க்க மாட்டார்கள். மூன்றாவது, மேல்முறையீட்டு போர்டுக்குப் போவது, 10182 படிவம்.

உங்கள் கோப்பிலேயே ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று நரம்பியல் டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை வைத்து 0996 போடலாம். ஆனால் நானாக இருந்தால் அந்த டாக்டரிடம் அரைப்பக்கக் கடிதம் வாங்கி 0995 போடுவேன். தாக்குதல் எத்தனை முறை, எந்தக் கிளை, எது கிளப்பிவிடுகிறது என்பதெல்லாம் அதில் வரட்டும்.

நான் 2018-இல் செய்யாத காரியம் இது. கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து 2020-இல் உயர்வு கேட்டபோது 30 கிடைத்தது, ஆனால் 2020-இலிருந்துதான். வருடத்துக்குள் கேட்டிருந்தால் முதல் விண்ணப்பத் தேதிக்கே போயிருக்கும். என் மனைவி இன்றும் அந்த இழுப்பறையைத் திறக்கும்போது அதைச் சொல்வாள்.

இருப்பது போய்விடுமா என்ற பயத்துக்கும் பதில். குறைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கடிதம் அனுப்ப வேண்டும், சான்று கொடுக்க 60 நாள் தர வேண்டும், நோய் உண்மையிலேயே தணிந்ததென்று காட்ட வேண்டும். ஐந்து வருடம் நிலைத்துவிட்ட மதிப்பீடு என்றால் இன்னும் கடினம்.

சதவீதத்தில் பங்கு தாருங்கள், நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று வரும் கம்பெனிகளிடம் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் விண்ணப்பம் தயாரிக்க யாரும் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம்.

20 ஏப்ரல் 2024

வலிக் குறிப்பேடு எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு.

அம்மா வருடா வருடம் ஊரிலிருந்து தினசரி காலண்டர் அனுப்புவார். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளை. அதில்தான் எழுதினேன். ஒரு தாள் இப்படி இருக்கும்: "காலை 6.40. முகம் கழுவும்போது. நாலு முறை, ஒவ்வொன்றும் எண்ணி அஞ்சு நொடி. கண்ணில் தண்ணி. டிபன் சாப்பிடவில்லை. வேலைக்கு 50 நிமிடம் தாமதம்." சில தாளில் "வலி இல்லை" என்று மட்டும் இருக்கும். அந்தத் தாள்களையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். நல்ல நாளும் இருந்தால்தான் கெட்ட நாளை நம்புவார்கள்.

மூன்று மாதத் தாள்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மூலத்தின் படத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மனைவியும் ஒரு பக்கம் எழுதினாள். நான் எப்போதும் சுவர்ப்பக்கம் முகம் வைத்துச் சாப்பிட உட்காருவதையும், மின்விசிறி போட்டால் எழுந்து போவதையும், பிள்ளை முத்தம் கொடுக்க வந்தால் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டுவதையும் எழுதியிருந்தாள். அவள் எழுதியதைப் படித்தபோதுதான் இதையெல்லாம் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

15 மே 2024

தாடை. இதைத் தனியாகக் கேட்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள்.

தாடை மூட்டுக்கு எண் 9905. 2017 செப்டம்பர் 10-இல் விதி மாறியது. வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்று மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே மில்லிமீட்டரில் அளப்பார்கள். 35 முதல் 50 வரை இயல்பு. 30–34 என்றால் 10 சதவீதம், 21–29 என்றால் 20, 11–20 என்றால் 30, 10-க்குள் என்றால் 40. இவை உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு. அரைத்தோ மசித்தோதான் சாப்பிட முடியும் என்றால் மேலே போகும், 50 வரை.

என் மகள் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தாள். "அப்பா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். 32-இல் நின்றது. பரீட்சையிலும் அதே 32. எனக்கு 10 கிடைத்தது.

ஒரு வாசகர், நான்கு வருடமாகக் குழைந்த சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துதான் சாப்பிடுகிறேன், இது கணக்கில் வருமா என்று கேட்டார். வரும். கூழாக அரைத்தது, மசித்தது, பாதி திடமானது எல்லாம் விதியில் இருக்கின்றன. ஆனால் டாக்டர் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறுதி செய்ய வேண்டும். நம் வீடுகளில் இட்லி, கஞ்சி, குழைந்த சோறு எல்லாம் சாதாரண சாப்பாடு என்பதால் டாக்டரிடம் சொல்லவே தோன்றுவதில்லை. அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள். முறுக்கு, சப்பாத்தி, ஆட்டுக்கறியை விட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

16 மே 2024

ஒரே வலிக்கு இரண்டு முறை காசு தர மாட்டார்கள், 4.14 பிரிவு. ஆனால் ஒரே காயத்தால் வந்த வெவ்வேறு குறைகளைத் தனித்தனியாக மதிப்பிடலாம். இதற்கு ஆதாரமான எஸ்டபன் வழக்கு, 1994, முகக் காயம் பற்றியதுதான். முக விகாரம், வலிக்கும் தழும்பு, மெல்ல விடாத தசைக் காயம் மூன்றுக்கும் தனித்தனியாக 10. எனக்கு நரம்புக்கு மின்னல் வலி, தாடைக்கு மில்லிமீட்டர், எனவே இரண்டும் நின்றன.

கூட்டல் மட்டும் பள்ளிக்கூடக் கூட்டல் இல்லை. 30 போனால் மிச்சம் 70. அந்த 70-இல் 10 சதவீதம் 7. ஆக 37, அதை 40 ஆக்குவார்கள். ஒற்றைத் தலைவலிக்கு இன்னொரு 30 இருந்தால் 37-க்குப் பிறகு மிச்சமுள்ள 63-இல் 30 சதவீதம், 19. ஆக 56, அது 60.

9 ஜூன் 2024

ஒரு தம்பி எழுதியிருந்தார்: ஆபரேஷன் செய்துகொண்டால் வலி போய்விடும் என்கிறார்கள், ஆனால் சதவீதம் குறையுமே, தள்ளிப்போடட்டுமா?

தள்ளிப்போடாதீர்கள். குறையலாம், உண்மைதான். ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதை விலக்கி வைக்கும் ஆபரேஷனில் பலருக்கு வருடக்கணக்கில் வலி நிற்கிறது. டாக்டர் உங்களுக்குப் பொருந்தும் என்றால் போங்கள். மாதம் 524 டாலருக்காக ஒருவர் சாப்பிடப் பயந்து வாழ வேண்டியதில்லை. ஆபரேஷனால் முகம் மரத்துப்போனால் அதையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம்.

மாத்திரை தொடங்கப் போகிறவர்களுக்கு: கார்பமசெபின் எழுதுமுன் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஆசிய வம்சாவளியினருக்கு, நம்மையும் சேர்த்து, அந்த மரபணு இருந்தால் தோல் உரிந்துபோகும் கொடிய ஒவ்வாமை வரக்கூடும். சோடியம் குறைகிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தால் வண்டி ஓட்ட முடியவில்லை என்றால் அதுவும் குறிப்பேட்டில் ஏறட்டும்.

10 ஜூன் 2024

நேற்று அதே தம்பி எழுதிய கடைசி வரியை இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக எழுதியிருக்கிறேன், இங்கும் எழுதுகிறேன். வலி தாங்காமல் போய்விடலாம் என்று தோன்றினால் 988 அழைத்து 1-ஐ அழுத்துங்கள், எந்த நேரமும். எனக்கும் 2016-இல் அப்படி ஒரு வாரம் வந்தது. வலியால் வந்த மனச்சோர்வை அதன் தொடர் நோயாகவே மதிப்பிடலாம், 3.310 பிரிவு. ஆனால் அது அப்புறம். முதலில் போன்.

22 செப்டம்பர் 2024

வேலையே பார்க்க முடியாதவர்களுக்கு: ஒரே குறை 60, அல்லது சேர்த்து 70-உம் அதில் ஒன்று 40-உம் இருந்தால் 100 சதவீதத் தொகை கேட்கலாம், 8940 படிவம். முகநரம்புக்கு உச்சமே 50 என்பதால் தனியாக அது எட்டாது. ஆனால் ஒரே விபத்தில் வந்தவற்றை ஒரே குறையாக எண்ணலாம் என்று 4.16 சொல்கிறது. விபத்தில் நரம்பும் தாடையும் போனவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

14 டிசம்பர் 2024

டெக்சாஸ் சகோதரி எழுதியிருக்கிறார். 10 போய் 30 வந்துவிட்டது. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்கு. கடிதத்தில் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, டிக் டூலரூ என்று இரண்டு பெயரும் இருக்கின்றன. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

தாடைக்கு நேரே "டிஃபர்டு" என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தள்ளிவிட்டார்களோ என்று பயப்படுகிறார். தள்ளவில்லை, இன்னும் முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான். பரீட்சைக்கு அழைப்பு வரும். அதற்குமுன் பல் டாக்டரிடம் ஒருமுறை வாயளவை எடுத்து எழுதி வாங்கிவிடுங்கள், அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதோடு. பரீட்சை அன்று கதவுவரை நீங்களும் கூடப் போங்கள். பரவாயில்லை என்று சொல்லக் கூடாது என்று ஒருமுறை நினைவுபடுத்தி அனுப்புங்கள்.